அரிவாளுக்கு அங்குலக் கணக்கு போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்காவது ஒரு வெட்டுச் சம்பவம் நடந்துவிட்டால் மறுநாளே “பெரிய கத்திகளைத் தடை செய்யுங்கள்” என்ற குரல் எழுகிறது. அதைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தோம். கருத்தைவிடச் சந்தேகங்கள்தான் அதிகம் வந்தன. பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டோம்.

“ஒன்பது அங்குலத்துக்கு மேல் கத்தி வைத்திருந்தாலே ஜாமீன் இல்லாத வழக்கு என்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் வீட்டில் தேங்காய் வெட்டும் அரிவாளே பதினான்கு அங்குலம் இருக்கிறது. என்ன செய்வது?” – வாசகி, கோவில்பட்டி

அரிவாளை எடுத்த இடத்திலேயே வையுங்கள். அந்தச் செய்தி ஒரு சட்ட வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி எடுத்தது.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் ஐந்தாம் வகை என்று ஒன்று உண்டு. துப்பாக்கி அல்லாத ஆயுதங்கள் அதில் வருகின்றன: வாள், குத்துவாள், ஈட்டி, போர்க்கோடரி, கத்தி, இவை போன்ற மற்றவை. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் அதே மூச்சில், வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்பாட்டுக்கு வடிவமைத்தவை நீங்கலாக என்றும் சொல்கிறது. தாய்ச் சட்டமான 1959 ஆயுதச் சட்டத்தின் 2(1)(சி) பிரிவும் அப்படியே. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று வடிவமைத்த பொருள் ஆயுதம் ஆகாது. கைத்தடியையும் லத்தியையும் அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது.

இன்னொன்று. துப்பாக்கிக்கு நாடு முழுவதும் உரிமம் கட்டாயம். கத்தி, வாள் வைத்திருக்க அப்படி இல்லை. சட்டத்தின் 4-ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசு ஒரு பகுதியையும், இன்ன வகை ஆயுதம் என்பதையும் குறிப்பிட்டு அறிவிக்கை வெளியிட்டால், அந்தப் பகுதியில் அந்த வகைக்கு உரிமம் வேண்டும். டெல்லியில் 1980-இல் வந்த அறிவிக்கை பிரபலமானது. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கத்தி போன்றவற்றை அது குறிவைத்தது: அலகு 7.62 சென்டிமீட்டர் நீளம், 1.72 சென்டிமீட்டர் அகலம், அல்லது அதற்கு மேல். 7.62 என்பது மூன்று அங்குலம்தான். அதன்கீழ் தொடரப்பட்ட ஒரு வழக்கை 2025-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கத்தி விற்பனைக்கோ தயாரிப்புக்கோ சோதனைக்கோ வைத்திருந்தது என்று குற்றப்பத்திரிகையில் சொல்லப்படவில்லை என்பது காரணம். அங்குலம் பொருந்தியும் வழக்கு நிற்கவில்லை. எதற்காக என்ற கேள்விக்கும் பதில் வேண்டியிருந்தது.

சரி, விவசாயத்துக்கு வடிவமைத்தது என்று எதை வைத்துச் சொல்வது? பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். வெட்டரிவாளின் முதுகு தடித்திருக்கும், வாய்ப்பக்கம் மெலிந்து வரும். நுனி உள்நோக்கி வளைந்து கொக்கி மாதிரி நிற்கும். கிளையை இழுத்துப் பிடித்து வெட்டவும், வெட்டிய முள்ளைத் தள்ளிப்போடவும் அந்த வளைவு வேண்டும். பிடி ஒரு கைக்கானது, மரத்தில் பூண் போட்டு இறுக்கியிருக்கும். எடை முன்பக்கம் இறங்கும். மட்டையிலும் கட்டையிலும் அடி ஆழமாக விழ அந்த முன்பாரம்தான் காரணம். வீச்சரிவாள் வேறு மாதிரி. ஒன்றரை, இரண்டு அடி அலகு, அகலம் குறைவு, வளைவு மெல்லியது, இரண்டு கையும் பிடிக்கிற நீளப் பிடி, எடை பிடிப்பக்கமே நிற்கும். அதை வைத்து விறகு வெட்டினால் மணிக்கட்டு வலிக்கும். என்ன வேலைக்கு அடித்த இரும்பு என்பதை எடையே சொல்லிவிடும். நீளத்தை மட்டும் அளந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். அங்குலக் கணக்கின் கோளாறு இதுதான்.

ஒரு எச்சரிக்கை. சட்டம் விலக்கு தருவது பொருளுக்கு, கைக்கு அல்ல. தேங்காய் அரிவாளாலேயே ஒருவரைக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு வரும். சாதாரணக் காயத்துக்கு 3 ஆண்டு வரை சிறை, கொடுங்காயத்துக்கு ஆயுள் வரை. கூட்டமாகக் கொடிய ஆயுதத்தோடு கலகம் செய்தால் 191(3), 5 ஆண்டு வரை. அங்கே யாரும் டேப் எடுத்து அளக்கமாட்டார்கள்.

“தென்னை ஏறும் வேலை. அரிவாளை பைக்கில் கொண்டுபோகும்போது செக்போஸ்ட்டில் நிறுத்திவிடுகிறார்கள். என்ன வழி?” – வாசகர், பொள்ளாச்சி

அலகுக்கு உறை போடுங்கள். பழைய சைக்கிள் டயரை நீளவாக்கில் பிளந்து அலகில் மாட்டி, இரண்டு இடத்தில் கயிறு கட்டினாலே போதும். இடுப்பிலும் சீட்டுக்கு அடியிலும் செருக வேண்டாம். ஏறுகயிறு, தளைநார், சாக்கு ஆகியவற்றோடு சேர்த்து ஒரே மூட்டையாகப் பின்னால் கட்டுங்கள். தொழில் கருவிகளுக்கு நடுவே இருக்கிற அரிவாளும், சட்டைக்குள் இருக்கிற அரிவாளும் ஒன்றல்ல என்பது எந்தக் காவலருக்கும் தெரியும். நலவாரிய அட்டை இருந்தால் கையில் இருக்கட்டும். அன்று மரம் ஏறப்போகிற தோட்டத்தின் சொந்தக்காரருடைய செல் எண்ணும் கைவசம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் பேச்சு முடியும். வேலை முடிந்தபின் அதே வண்டியில் டாஸ்மாக் வாசலுக்கோ திருவிழாக் கூட்டத்துக்கோ போவதுதான் வம்பு. முதலில் வீட்டில் இறக்கிவிட்டுப் போங்கள்.

“அரிவாள் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறோம். வாங்குகிறவர் விவரத்தை நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். எதை, எப்படி எழுதுவது? எழுதாவிட்டால் என்ன?” – வாசகர், திருப்பாச்சேத்தி அருகே

2021 செப்டம்பரில் ரவுடிகளைத் தேடித் தமிழகக் காவல்துறை நடத்திய பெரிய சோதனையை ஒட்டி, கத்தி, அரிவாள் செய்வோரும் விற்போரும் வாங்குபவரின் விவரத்தைக் குறிக்க வேண்டும், கண்காணிப்பு கேமரா வைக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். நோக்கம் சரியானது. ஆனால் பல ஊர்களில் இது வாய்மொழி உத்தரவாகவே வந்து சேர்கிறது. என்ன எழுத வேண்டும், எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுத்தால் பட்டறைக்காரருக்கும் நிம்மதி, விசாரணை செய்பவருக்கும் பயன். அந்த ஒரு பக்கத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

அதுவரை இப்படிச் செய்யலாம். பக்க எண் அச்சிட்ட தடித்த நோட்டு. ஒவ்வொரு விற்பனைக்கும் தேதி, நேரம், பொருளின் பெயர், அலகு நீளம், அதிகபட்ச அகலம், பிடி நீளம், வாங்குபவர் பெயர், ஊர், செல் எண், என்ன வேலைக்கு, கையெழுத்து. செல் எண்ணை எழுதியவுடன் அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பாருங்கள். பொய் எண் உடனே தெரியும். ஆதார் நகலை வாங்கி அடுக்க வேண்டாம். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கடைசி நான்கு எண்ணை மட்டும் குறித்தால் போதும். நகல் கட்டு பட்டறையில் கிடந்து யார் கைக்கோ போனால் அது வேறு தலைவலி.

பெரும்பாலான நோட்டுகள் எங்கே கெட்டுப்போகின்றன என்றால், சாயங்காலம் உட்கார்ந்து ஞாபகத்திலிருந்து எழுதுவதில்தான். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, வரிசையாகப் பத்துப் பெயர் என்று இருந்தால் நீதிமன்றத்தில் அந்த நோட்டுக்கு மதிப்பில்லை. சந்தை வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுக்கிற இருபது, முப்பது அரிவாளை எழுதாமல் விடுவதும் நடக்கிறது. சில்லறையை எழுதி மொத்தத்தை விட்டால் பாத்திரத்தில் ஓட்டை வைத்துத் தண்ணீர் பிடிக்கிற கதை. சாணை பிடிக்கவும் துவைச்சல் போடவும் (காய்ச்சிய இரும்பை முக்கி இறுக வைப்பது) வருகிற பழைய இரும்பையும் எழுதுங்கள்.

முடிந்தால் பிடிக்குப் பக்கத்தில் பட்டறையின் எழுத்தையும் ஆண்டையும் முத்திரை குத்துங்கள். லாரிப் பட்டையில், அதாவது லாரியின் ஸ்பிரிங் பட்டையில், அடிக்கிற அரிவாளுக்கு, துவைச்சல் போடுவதற்கு முன்பே, இரும்பு சிவந்திருக்கும்போது குத்த வேண்டும். துவைத்தபின் குத்தினால் முத்திரை உளியின் வாய் உடையும், அல்லது குத்திய இடத்திலிருந்து மயிரிழை விரிசல் ஓடும். வாய்ப்பக்கத்தில் குத்தவே கூடாது. முத்திரை இருந்தால், பிடிபட்ட அரிவாள் உங்கள் பட்டறையுடையது அல்ல என்று காட்டவும் அதுவே உதவும்.

“வீச்சுக்கு ஒன்று போட்டுத் தாங்க” என்று கேட்டு வருகிறவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வாள், பட்டாக்கத்தி என ஆயுதமாகவே வடிவமைத்ததைச் செய்து விற்க நினைத்தால், ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்கீழ் உரிமம் வேண்டுமா என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்ட பிறகுதான் உலையை மூட்ட வேண்டும்.

“விசாரணைக்கு வந்த போலீஸார் கடையிலிருந்த பதினோரு அரிவாளை எடுத்துப் போய்விட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?” – வாசகர், விருதுநகர் மாவட்டம்

கிடைக்க வழி உண்டு. ஆனால் முதல் நாளே காகிதம் சரியாக இருக்க வேண்டும். எடுத்தவற்றுக்கு மகஜர் (கைப்பற்றிய பொருள்களின் விவரக் குறிப்பு) எழுதிச் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோ எடுத்து, தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மகஜரில் “சுமார் 2 அடி நீளமுள்ள அரிவாள் – 11” என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் அதை அப்போதே பணிவாகச் சுட்டிக்காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் அலகு தனி, பிடி தனி, அகலம் தனி என்று எழுதச் சொல்லுங்கள். விதி பேசும் நீளம் அலகினுடையது மட்டும். பிடியையும் சேர்த்து அளந்துவிட்டால் எட்டு அங்குலக் கறிக்கத்தியும் பதின்மூன்று அங்குலமாகிவிடும். வளைந்த அலகு என்றால் பிடியிலிருந்து நுனி வரை நேர்க்கோட்டு அளவு, வளைவோடு போகிற அளவு இரண்டையும் எழுதுவது நல்லது.

பிறகு வழக்கறிஞர் மூலம் மனு. பொருள் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தால் அதே சட்டத்தின் 497-ஆம் பிரிவு, போலீஸார் கைப்பற்றி அறிக்கை மட்டும் அனுப்பியிருந்தால் 503-ஆம் பிரிவு. 497-இல் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: பொருள் வந்த 14 நாளுக்குள் நீதிமன்றம் அதன் விவரப் பட்டியலைத் தயாரித்து, படமோ வீடியோவோ எடுக்கச் செய்ய வேண்டும். அதன்பின் 30 நாளுக்குள் திருப்பித் தருவதா அழிப்பதா என்று உத்தரவிட வேண்டும். இரும்பு வாங்கிய பில், விற்பனை நோட்டு, சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இருந்தால் மனுவோடு சேருங்கள். விற்பனை நோட்டு இல்லாத கடைக்கு இந்த இடத்தில்தான் சிரமம்.

“இவ்வளவு சுற்றுவானேன்? இங்கிலாந்தில் செய்ததுபோல் பெரிய கத்திகளை முற்றாகத் தடை செய்யலாமே?” – வாசகர், சென்னை–10

வெட்டுப்பட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடக்கிற பதினெட்டு வயதுப் பையனை நினைத்துத்தான் இந்தக் கேள்வி வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்று படிப்படியாகப் பார்க்க வேண்டும்.

அங்கே 2016-இல் ‘ஸோம்பி கத்தி’யைத் தடை செய்தார்கள். வெட்டுமுனையும் ரம்பப்பல் முனையும் இருந்து, வன்முறையைத் தூண்டும் படமோ வாசகமோ பொறித்திருந்தால் தடை என்பது விளக்கம். வியாபாரிகள் படத்தையும் வாசகத்தையும் எடுத்துவிட்டு அதே கத்தியை விற்றார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2024 செப்டம்பர் 24 முதல், விளக்கத்தை மாற்றினார்கள்: அலகு 8 அங்குலத்துக்கு மேல், சாதாரண வெட்டுமுனை, கூர்நுனி, கூடவே ரம்பப்பல், ஒன்றுக்கு மேற்பட்ட துளை, முள், இரண்டுக்கு மேற்பட்ட கூர்முனை இவற்றில் ஏதாவது ஒன்று. அதற்கு முன் நான்கு வாரம், ஒப்படைப்பவருக்கு இழப்பீடும் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்ட் 1-இல் ‘நிஞ்ஜா வாள்’ பட்டியலில் சேர்ந்தது. 14 முதல் 24 அங்குல அலகு. ஒவ்வொரு முறையும் சட்டம் ஒரு வடிவத்தைத் துரத்த, சந்தை அடுத்த வடிவத்துக்குப் போகிறது. அத்தனைக்கும் நடுவில், எந்தப் பட்டியலிலும் வராத சமையலறைக் கத்தி அங்கே உயிர்களை எடுத்துக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் 2005-இலேயே லண்டனில் அவசரப் பிரிவு மருத்துவர்கள் மூவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வேறு யோசனை சொன்னார்கள். நீண்ட கூர்நுனிச் சமையல் கத்தியைத் தடை செய்து, நுனியை மழுக்குங்கள் என்றார்கள். பத்துச் சமையற்கலைஞர்களைக் கேட்டு, அந்த நீண்ட நுனி சமையலுக்கு இன்றியமையாதது அல்ல என்றும் எழுதினார்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த யோசனை அது, ஏனென்றால் காயத்திலிருந்து யோசிக்கிறது. அங்கே கொல்வது குத்து. குத்துக்கு நுனி வேண்டும். நுனி மழுங்கினால் கத்தி உள்ளுறுப்பு வரை போவது கடினம்.

நம் ஊரில் சங்கதி வேறு. சூரிக்கத்தியால் குத்துவதும் நடக்கிறது, ஆனால் அரிவாள் என்றால் அது வெட்டு. வெட்டு ஆழமாக இறங்குவது எடையாலும் வீச்சின் வேகத்தாலும். நுனிக்கு அதில் பங்கு குறைவு. அந்த நுனி யோசனையை அப்படியே இங்கே சட்டமாகக் கொண்டுவந்தால் ஒரு வெட்டும் குறையாது. நீளச் சட்டம் கொண்டுவந்தால் முதலில் சிக்குவது கரும்பு வெட்டுபவரும் கருவேலம் வெட்டுபவரும்தான். வெட்டப் போகிறவனுக்கோ பழைய இரும்புக் கடையில் ஒரு லாரிப் பட்டையும், வாடகைக்கு ஒரு கட்டிங் மெஷினும் போதும். மோசமான துவைச்சல், வளைந்துபோகும் அலகு, இருந்தாலும் ஒரு வெட்டுக்குத் தாங்கும்.

நாங்கள் ஆதரிப்பது மூன்று விஷயம். ஆயுதமாகவே அடிக்கிற வீச்சரிவாளும் பட்டாக்கத்தியும் ஆன்லைனிலும் ‘அலங்காரப் பொருள்’ என்ற பெயரிலும் விற்பதை நிறுத்த வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழானவருக்கு விற்பனை கூடாது. வீட்டு வாசலில் கொடுக்கும்போது வயதைச் சரிபார்க்க வேண்டும் (இங்கிலாந்தின் 2019 சட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது). மூன்றாவதுதான் முக்கியம்: வேலைக் காரணம் இல்லாமல் பொது இடத்தில் மறைத்துக் கொண்டுபோவதைத் தனிக் குற்றமாகத் தெளிவாக எழுத வேண்டும். இங்கே இன்று அதற்கு நன்னடத்தைப் பிணை, குண்டர் சட்டம் என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆளின் பழைய கணக்கைப் பார்த்து நடவடிக்கை எடுக்கிறோமே தவிர, முதல்முறை இடுப்பில் செருகிக்கொண்டு கல்லூரிக்குப் போகிற பையனைப் பிடித்து நிறுத்த அளவான ஒரு பிரிவு இல்லை.

“லண்டனில் மகள் வீட்டுக்கு அரிவாள்மனை கொண்டுபோகலாமா? பேரன் அதை வெளியே எடுத்துப்போனால் சிக்கலா?” – வாசகி, திருச்சி

கைப்பையில் கூடாது. செக்-இன் பெட்டியில், அலகை மடக்கி, அட்டை சுற்றி டேப் ஒட்டி வைக்கலாம். அரிவாள்மனை சமையல் கருவி. மேலே சொன்ன 2024 பட்டியலின் அடையாளம் எதுவும் அதில் இல்லை. தேங்காய் துருவும் பல் உள்ள மனையாக இருந்தால், பார்ப்பவருக்குப் புரியும்படி பலகையோடு சேர்த்தே வையுங்கள், அலகைத் தனியாகக் கழற்ற வேண்டாம்.

பேரன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அங்கே பொது இடத்தில் காரணமில்லாமல் எந்தக் கத்தியும் கூடாது. 3 அங்குலத்துக்கு மிகாத, மடக்கக்கூடிய, திறந்தபின் பூட்டிக்கொள்ளாத சிறு கத்திக்கு மட்டும் விலக்கு. பூட்டிக்கொள்ளும் கத்தி இரண்டு அங்குலமானாலும் விலக்கில் வராது. சுற்றுலாப் போகிறவர்கள் தவறுவது இங்கேதான். அதிகபட்சத் தண்டனை 4 ஆண்டு. “தற்காப்புக்கு வைத்திருந்தேன்” என்பதைப் பொதுவாகக் காரணமாக ஏற்பதில்லை.

“பிறந்தநாளுக்குப் பட்டாக்கத்தியில் கேக் வெட்டினால் கைது செய்கிறார்கள். கேக் வெட்டுவது குற்றமா?” – வாசகர், தாம்பரம்

கேக் அல்ல, காட்சிதான் சிக்கல். 2018-இல் சென்னைக்கு அருகே மலையம்பாக்கத்தில் ஒரு ரவுடியின் பிறந்தநாள் கூட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்டோர் பிடிபட்டதிலிருந்து, இத்தகைய வீடியோக்களைக் காவல்துறை மிரட்டலாகவே பார்க்கிறது. பட்டாக்கத்தி வீட்டுக்கருவி என்று யாரும் வாதாட முடியாது. பேக்கரியில் கொடுக்கிற பிளாஸ்டிக் கத்தி போதும்.

“சீக்கியர்கள் கிர்பான் என்ற குறுவாள் வைத்திருப்பது எப்படி?” – வாசகர், ஓசூர்

அரசியல் சாசனத்தின் 25-ஆம் பிரிவின் முதல் விளக்கமே கிர்பான் அணிவதைச் சீக்கிய மதத்தின் பகுதியாக ஏற்கிறது. உள்நாட்டு விமானத்தில் அளவு உண்டு: 2022 உத்தரவுப்படி அலகு 15.24, மொத்தம் 22.86 சென்டிமீட்டருக்குள்.

“கருப்பசாமிக்கு ஏழடி அரிவாள் நேர்ந்திருக்கிறோம். வண்டியில் எடுத்துப்போகத் தடை உண்டா?” – வாசகி, மதுரை மாவட்டம்

காணிக்கை அரிவாளை யாரும் கையில் ஏந்தி வீச முடியாது. அதன் எடையும் பிடியும் அதற்கானது அல்ல. இருந்தாலும் பட்டறையில் சொல்லும்போதே வாய் தீட்ட வேண்டாம், சாணை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாமிக்கு முன் நடப்படுவதற்குத் தீட்டல் தேவையில்லை. சுமந்துவருகிறவர் கையும் தப்பும். பட்டறை ரசீதில் ‘கோவில் காணிக்கை’ என்றும், கோவில் பெயரும் எழுதி வாங்குங்கள். பூசாரியிடமோ கோவில் நிர்வாகத்திடமோ தேதி போட்ட ஒரு சீட்டு. சாக்கு சுற்றி, நுனியில் ஒரு மரக்கட்டை கட்டி, டெம்போவில் படுக்க வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் வளைவில் மின்கம்பியில் தட்டும். திருவிழா நாளில் பல ஊர் வண்டி வரும் என்பதால், முதல் நாளே உள்ளூர்க் காவல் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிவிடுங்கள்.